இலைக்காம்பில் ஊறும் தேன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகில், தோவாளை என்னும் ஊர் இருக்கிறது. விடியுமுன்னரே மல்லிகையும் பிச்சியும் அரளியும் கேந்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அவ்வூர்ப் பூச்சந்தை நாடறிந்தது. அதே மாவட்டத்தின் மேற்கே இருக்கிற மார்த்தாண்டமோ தேனுக்குப் பிரசித்தி பெற்றது. அந்தத் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பூ இருக்கும் இடத்தில் தேன் இருக்கும் என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த நாம், தோவாளையைச் சுற்றிய நந்தவனங்களில்தான் தேன்பெட்டிகள் நிறைந்திருக்கும் என்று எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆனால், தை பிறக்கும் சமயத்தில் மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர், அந்தி சாய்ந்து தேனீக்கள் எல்லாம் கூடடைந்த பிறகு வாயிலை அடைத்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவது ரப்பர்த் தோட்டங்களை நோக்கித்தான். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கங்களுக்கும், எல்லை கடந்து கேரளத்துக்கும் அந்தப் பெட்டிகள் போகின்றன. போய்ச் சேர்கிற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால், அப்போதுதான் இலையுதிர்த்து, செம்பு நிறத்தில் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கும் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கண்ணைக் கவரும் பூ ஒன்றும் இல்லை. ஆயினும் அங்கேதான் அவர்களுடைய ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி வடிகிறது.

பூ மலிந்த ஊரைத் தேனீ வளர்ப்போர் நாடாமல், பூவே தென்படாத தோட்டத்தை நாடுவது எதனால்? இதற்கு விடை காண வேண்டுமானால், தேன் எதிலிருந்து உண்டாகிறது என்பதை முதலில் சிறிது நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பச்சை இலை, சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரையைச் சமைக்கிறது. அந்தச் சர்க்கரை நீரில் கரைந்து, மரத்தின் பட்டைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களின் வழியாக வேருக்கும் கொழுந்துக்கும் காய்க்கும் போய்ச் சேர்கிறது. போகும் வழியில் சில இடங்களில், குறிப்பிட்ட சில உயிரணுக்கள் அந்தச் சாற்றை வாங்கி, சற்றே மாற்றி, வெளியே கசிய விடுகின்றன. அவ்வாறு கசியும் இனிப்பு நீருக்கு மதுரம் என்றும், அதைக் கசியவிடும் உறுப்புக்கு மதுரச் சுரப்பி என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். மதுரம் இன்னும் தேன் ஆகிவிடவில்லை. அதில் பாதிக்கு மேல் நீராகவே இருப்பது சகஜம். தேனீ அதைத் தன் மது வயிற்றில் ஏந்திக் கூட்டுக்குக் கொண்டு வருகிறது. அங்கே பல தேனீக்களின் வாய் மாறி, அவற்றின் உமிழ்நீரில் உள்ள நொதிகள் கலந்து, கரும்புச் சர்க்கரையாகிய சுக்ரோஸ், குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. பின்பு இரவெல்லாம் சிறகடித்து வீசும் காற்றில் நீர் வற்றி, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த பின்னரே, அறையின் வாயை மெழுகால் மூடுகின்றன. அந்த மெழுகு மூடியைக் கண்ட பிறகுதான் அனுபவசாலி அடையை எடுத்துப் பிழிவார்.

ஆக, தேனீ வளர்ப்பவருக்கு வேண்டியது மதுரம். பூவின் அழகும் மணமும் அவருக்கு நேராகப் பயன்படுவதில்லை. மல்லிகையைப் பாருங்கள். மாலையில் மலர்ந்து இரவெல்லாம் மணக்கும் அந்த வெண்ணிறப் பூ, நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்திப் பூச்சிகளை அழைப்பதற்கென்றே அமைந்தது. அதன் மதுரம் குறுகி நீண்ட குழலின் அடியில் கிடக்கிறது. குட்டையான நாக்கும், பகலில் மட்டும் பறக்கும் வழக்கமும் உடைய தேனீக்கு அது எட்டாது. நெல்லும் சோளமும் ஏராளமாக மகரந்தம் தரும். ஆனால் காற்றை நம்பிப் பூப்பவை ஆகையால் அவற்றில் மதுரம் கிடையாது. இதற்கு நேர்மாறாக, யாரும் கவனிக்காத சிறு பூக்களை உதிர்க்கும் புளியும் வேம்பும் புங்கும் நாவலும் தேனீக்குப் பெரும் விருந்து. இவை பெரும்பாலும் பங்குனி முதல் வைகாசி வரையில், வானம் வெளுத்து மண் காய்ந்திருக்கும் நாட்களில், ஆழ வேரோடிய பலத்தால் பூப்பவை. காப்பிச் செடியின் கதை இன்னும் விசித்திரமானது. கோடையின் முதல் மழை விழுந்து ஒன்பது பத்து நாட்களில் மலைச்சரிவு முழுதும் ஒரே வெண்மையாகப் பூத்து, இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும். அந்த இரண்டு மூன்று நாட்களில் கூட்டில் ஆள்பலம் இருந்தால் தேன் உண்டு. இல்லையெனில் அடுத்த ஆண்டுதான்.

ரப்பர் மரம் இவை எல்லாவற்றினின்றும் வேறுபட்டது. அதன் மதுரம் முக்கியமாக ஊறுவது இலையில்.

ரப்பரின் ஒவ்வொரு இலைக்காம்பின் நுனியிலும் மூன்று சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து விரிகின்றன. நாலைந்து வயதைத் தாண்டிய மரங்கள் மார்கழி, தை மாதங்களில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுச் சில நாட்களிலேயே புதுக் கொழுந்து விடுகின்றன. முதலில் அந்தக் கொழுந்து செம்பு நிறமாய்த் துவண்டு தொங்கும். பிறகு இளம்பச்சை ஆகும். சில வாரங்களில் விறைத்துக் கரும்பச்சை ஆகும். இளம்பச்சைப் பருவத்தில் தாழ்ந்த கிளை ஒன்றைக் கைக்கெட்டும்படி வளைத்து, மூன்று சிற்றிலைகளும் கூடும் அந்த இடத்தை ஒரு பூதக்கண்ணாடியால் நோக்கினால், சற்றே மேடிட்ட சிறு முடிச்சுகள் தெரியும்; அவற்றின் மேல் பளபளவென்று ஒரு துளி நிற்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். நாவில் வைத்தால் இனிக்கும். சிறிது நேரம் அசையாமல் நின்றால் ஒரு தேனீ வரும். அது இலையின் பரப்பைப் பொருட்படுத்தாமல் நேரே காம்பின் நுனிக்குப் போய், தலையைத் தாழ்த்தி ஒரு கணம் நாக்கை நீட்டி, அடுத்த இலைக்கு நடக்கும். அதன் பின்னங்கால்களைக் கவனித்தால் மகரந்த உருண்டை இராது. பூவுக்குப் போய்வரும் தேனீக்கள் பலவற்றின் காலில் மஞ்சளாகவோ வெண்மையாகவோ ஒட்டியிருக்கும் அந்த உருண்டை இல்லாமை, அது வேறு எங்கோ போய் வரக்கூடும் என்பதற்கு முதல் குறிப்பு. பூவுக்கு வெளியே அமைந்த இந்த உறுப்பைத் தாவர நூலார் மலர்ப்புற மதுரச் சுரப்பி என்பர். ரப்பரின் உறவினமாகிய ஆமணக்கின் இலைக்காம்பிலும், பூவரச இலையின் அடிப்புறத்து நடு நரம்பிலும், பருத்தி இலையிலும் இதே உறுப்பைக் காணலாம். வீட்டு வாசலில் பூவரசு உள்ளவர்கள் வீதிக்கு இறங்காமலே இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

தேன் உண்மையிலேயே இலையிலிருந்துதான் வருகிறது என்பதற்குத் திட்டமான ஆதாரம் என்ன என்று ஒருவர் கேட்கலாம்; கேட்க வேண்டியதும்கூட. ரப்பருக்கும் பூ உண்டல்லவா? உண்டு, கொழுந்தை அடுத்து, மஞ்சள் கலந்த சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக வருகின்றன. பெட்டியைத் தராசின் மேல் வைத்து நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பது ஆராய்ச்சியாளர்களின் பழைய முறை. பகலில் மதுரம் சேரச் சேர எடை ஏறும். இரவில் நீர் வற்ற வற்றச் சிறிது இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை நாட்குறிப்பில் எழுதி, மரத்தின் நிலையையும் பக்கத்திலே குறித்து வந்தால், மதுர வரத்துக் காலம் கொழுந்து முதிரும் காலத்தோடு ஒட்டி நடப்பது தெரியவரும். திரும்பி வரும் தேனீயை வாயிலில் பிடித்து, வயிற்றை மெல்ல அழுத்தினால் அது கக்கும் துளியை ஒளிவிலகல்மானி என்னும் சிறு கருவியில் இட்டு, எத்தனை பங்கு சர்க்கரை என்று அளக்கலாம். இலையில் நிற்கும் துளியையும் அதே கருவியில் அளந்து ஒப்பிடலாம்.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது மகரந்தச் சோதனை. எந்தத் தேனையும் நீரில் கரைத்து வண்டலை நுண்பெருக்கியில் வைத்து நோக்கினால் மகரந்தத் துகள்கள் தென்படும். ஒவ்வொரு செடியின் துகளுக்கும் தனித்த வடிவமும் மேற்கோலமும் உண்டு. ஒரு செடியின் துகள் நூற்றுக்கு 45-க்கு மேல் இருந்தால் அத்தேன் அச்செடியினுடையது என்று கொள்வது பொது மரபு. ஆனால் ரப்பர்த் தோட்டத்தின் நடுவே எடுத்த தேனில் இந்த மரபு கைகொடுப்பதில்லை. இலைக்காம்பில் மகரந்தம் ஏது? ஆகவே அந்தத் தேனில் ரப்பரின் துகள் மிகச் சொற்பமாகவும், பக்கத்துத் தென்னையின் துகளோ தோட்டத்தடியில் படர்ந்த தொட்டாற்சுருங்கியின் துகளோ மிகுதியாகவும் இருக்கக்கூடும். அந்தத் துகள்களை மட்டும் எண்ணி, இது தென்னைத் தேன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் அது பிழை. ஓர் ஆதாரம் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல வல்லதன்று என்பதை அறிந்து பயன்படுத்துவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பல வேறு வழிகளில் கண்டவை ஒரே முடிவைச் சுட்டும்போதுதான் இங்கே நிச்சயம் பிறக்கிறது.

இனி, மரம் எதற்காக இலையில் இனிப்பைக் கசியவிடுகிறது? பூவில் கசியவிட்டால் அயல் மகரந்தச் சேர்க்கை என்ற கைம்மாறு உண்டு; இலையில் கசியவிட்டு என்ன லாபம்? 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. இத்தாலியத் தாவர அறிஞர் ஃபெடரிகோ டெல்பினோ, எறும்புகளை வரவழைத்து இலைதின்னிப் பூச்சிகளை விரட்டுவதற்கே இந்தச் சுரப்பு என்றார். நிகராகுவாவில் தங்கச் சுரங்கப் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட், முள் வேல மரம் ஒன்றின் மேல் குடியிருந்து அதன் மதுரத்தை உண்ணும் எறும்புகள் அம்மரத்தைக் காவல் காப்பதை நேரில் கண்டு 1874-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். இது எல்லாச் செடிகளுக்கும் பொருந்தும் என்று டார்வின் ஒப்பவில்லை; சில செடிகளிலாவது இது வெறும் கழிவாகவே தொடங்கியிருக்கலாம் என்பது அவர் அபிப்பிராயம். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின், டேனியல் ஜான்சன் மெக்சிகோவில் அதே இனத்து வேல மரங்கள் சிலவற்றிலிருந்து எறும்புகளை அடியோடு நீக்கிவிட்டுக் காத்திருந்தார். எறும்பு நீங்கிய மரங்களைப் பூச்சிகள் அரித்தன, கொடிகள் மூடின. எறும்புள்ள மரங்கள் செழித்தன. 1966-இல் வெளிவந்த அந்த ஆய்வு, பெல்ட் சொன்னதைப் பிரத்தியட்சமாக நிரூபித்தது. இலை தளிராக இருக்கும்போதே, அதாவது பூச்சிக்கு எளிதில் இரையாகும் பருவத்திலேயே, சுரப்பும் மிகுந்திருந்து, இலை முற்றியதும் அடங்கிவிடுவது ரப்பரிலும் காணக்கிடக்கிற உண்மை. எறும்புகளும் அதன் சுரப்பிகளுக்கு வருகின்றன.

இந்தக் கணக்கில் தேனீக்கு இடமே இல்லை என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி. ரப்பரின் பிறப்பிடம் அமேசான் காடு. அங்கே ஐரோப்பியர் கொண்டுபோகும் வரையில் நம் தேனீயின் பேரினத்தைச் சேர்ந்த எதுவும் இருந்ததில்லை. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்து, அதே ஆண்டில் அந்த நாற்றுகள் இலங்கை வந்து சேர்ந்தன. கேரளத்தில், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில், 1902-இல் வணிகத் தோட்டம் எழுந்தது. நம் இந்தியத் தேனீயோ ஆசியக் காடுகளின் தொன்மையான குடி. பூமிப் பந்தின் இரு பக்கங்களில் வளர்ந்த மரமும் பூச்சியும் சந்தித்து ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. தேனீ அம்மரத்தின் பூவுக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அந்த வேலையைச் செய்பவை சின்னஞ்சிறு ஈக்களும் பேன் போன்ற பூச்சிகளும். வேறொரு விருந்தாளிக்கு வைத்த உணவை நம் தேனீ கண்டுபிடித்து உண்கிறது. அதன் மிச்சத்தை நாம் உண்கிறோம். ஒட்டுக்கட்டிய ஒரே ரக மரங்களை, ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போன்றவற்றை, நூற்றுக்கணக்கான ஏக்கரில் நட்டதால் அவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் தளிர்ப்பதும் இந்த விருந்து பெருகியதற்கு ஒரு காரணம்.

பெட்டியில் தேனீ வளர்க்கும் தொழில் மார்த்தாண்டத்தில் ரப்பருக்காகப் பிறந்ததன்று. நம் சிறு தேனீயின் அளவுக்கேற்ற பெட்டியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் என்ற பாதிரியார் வகுத்துக் கொடுத்தார். 1920-களில் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் அதை ஏழை விவசாயிகளுக்கு உபதொழிலாகக் கற்பித்தார். ரப்பர் இவ்வளவு பரவாதிருந்த நாட்கள் அவை. 1991-ஐ ஒட்டித் தென்னாட்டில் பரவிய தாய்லாந்துப் பையடைப்பு நோய் பெட்டிகளை ஏறத்தாழக் காலி செய்துவிட்டுப் போனபின், தப்பிய கூட்டங்களிலிருந்து மீண்டும் எழுந்ததே இப்போதைய தொழில்.

தளிர்க்கும் பருவத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் போதும், தேன் தானே நிறையும் என்று எண்ணிவிடக் கூடாது. ராணி இட்ட முட்டை, புழுவாகிக் கூட்டுப்புழுவாகி வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய 20 நாட்கள் ஆகின்றன. வெளிவந்த தேனீ உடனே வெளியே பறப்பதில்லை. அறைகளைத் துப்புரவு செய்வது, புழுக்களுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாயிலைக் காப்பது என்று இரண்டு மூன்று வாரம் வீட்டு வேலை பார்த்த பின்னரே அது மதுரம் தேடிப் புறப்படுகிறது. ஆகவே மாசி மாதத்தில் ரப்பர் இலையை நாடும் தேனீ, மார்கழியில் இட்ட முட்டையாக இருந்திருக்க வேண்டும். தளிரைக் கண்ட பிறகு கூட்டத்தைப் பெருக்கப் பாடுபடுபவர், பேச்சிப்பாறை அணையில் மடை திறந்த பிறகு வாய்க்காலைத் தூர் வாரத் தொடங்கிய விவசாயியைப் போன்றவர். தண்ணீர் அவர் வயலைத் தாண்டிப் போய்விடும்.

மார்கழியில் ராணி மிகுதியாக முட்டையிட வேண்டுமானால், அதற்கு முன்பே கூட்டில் மகரந்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். புழுவின் உடல் வளரப் புரதம் வேண்டும், புரதம் மகரந்தத்தில்தான் உண்டு. இங்கேதான் தேன் வரவுக் கணக்கில் ஏறாத செடிகளின் பெருமை விளங்குகிறது. ஆண்டு முழுவதும் பாளை விடும் தென்னை, வேலியோரத் தொட்டாற்சுருங்கி, ஐப்பசி மழையில் தழைத்துப் பூக்கும் பெயர் தெரியாத பூண்டுகள் ஆகியவை மகரந்தத்தைக் கொடுத்துப் படையைத் திரட்டித் தருகின்றன. ரப்பர்ப் பருவத்திலும் இவற்றின் உதவி ஓயக் கூடாது. இலையில் மதுரம் பொங்கினாலும் மகரந்தம் இல்லாத காரணத்தால், தோட்டத்தின் நட்டநடுவே வைத்த பெட்டிகளில் தேன் அறை நிறையும்போதே புழு அறை மெலிந்து போவதைத் தேனீ வளர்ப்பவர்கள் கவனித்திருக்கிறார்கள். பக்கத்தில் தென்னந்தோப்பு உள்ள ஓரத்தை விரும்பிப் பிடிப்பவர் விவரம் அறிந்தவர். ரப்பர் வரிசைகளுக்கு நடுவே களைக்கொல்லி தெளித்துத் தரையைத் துடைத்துவிடும் வழக்கம் பரவுவதை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன். களை என்று கருதி அழிப்பது அடுத்த மாசியின் தேனீயை.

வானிலையும் தன் பங்கைக் கேட்கிறது. பூவின் குழலுக்குள் ஒளிந்திருக்கும் மதுரத்துக்கு ஒரு கூரை உண்டு. இலைக்காம்பின் துளிக்கு அது இல்லை. பனி பெய்த காலையில் அது நீர்த்திருக்கும்; வெயில் ஏறினால் கெட்டிப்படும்; ஒரு மழை விழுந்தால் கழுவிப் போகும். அதைவிடக் கொடியது, மூடுபனியும் தூறலும் சேர்ந்த நாட்களில் இளந்தளிரின் மேல் வெள்ளைப் பொடியாகப் படரும் சாம்பல் நோய். ஓயிடியம் என்னும் அந்தப் பூஞ்சை தாக்கினால் கொழுந்து சுருண்டு உதிர்ந்துவிடும். உதிர்ந்த இலையோடு சுரப்பியும் போய்விடும். தோட்டக்காரர் கந்தகப் பொடி தூவுவது ரப்பர்ப் பாலுக்காக; ஆனால் அந்த இலை நிலைப்பதில் தேனீ வளர்ப்பவருக்கும் சம பங்கு அக்கறை உண்டு. இலை உதிர்ந்து தளிர்க்கும் இந்த வாரங்களில்தான் பால்வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். கூலி நின்றுபோகும் அந்த நாட்களில் சில தேன்பெட்டிகள் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளர் வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக, இந்தத் தேனை வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. ரப்பர்த் தேன் சில மாதங்களில், சில சமயம் இன்னும் விரைவில், புட்டியின் அடியில் மணல் மணலாக உறையத் தொடங்கும். உடனே, சர்க்கரைப் பாகு கலந்துவிட்டார்கள் என்று சந்தேகித்து விற்றவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பலர். தேனில் உள்ள இரண்டு சர்க்கரைகளில் ஃப்ரக்டோஸ் எளிதில் கரையும். குளுக்கோஸ் அவ்வளவு எளிதில் கரையாது. எந்தச் செடியின் தேனில் குளுக்கோஸின் விகிதம் மிகுதியோ, அந்தத் தேன் சீக்கிரம் உறையும். ரப்பர்த் தேன் அத்தகையது. உறைந்தால் புட்டியைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் வைத்து எடுத்தால் மீண்டும் இளகிவிடும். அடுப்பில் நேராக ஏற்றினால் மணமும் நொதிகளும் கெட்டுப்போகும்.